'நிறுவனத்தின் விருப்பத்திற்கு உட்பட்டு': வேலை ஒப்பந்தம் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பணி நியமனக் கடிதங்களை வரையும் மனிதவளத் துறையினருக்கும், அவற்றைச் சரிபார்த்துக் கொடுக்கும் வழக்கறிஞர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் யாரோ ஒருவர் எழுதிய ஒரு பத்தியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட ஆள் நான். பதினான்கு பக்கக் கடிதத்தில் அது பன்னிரண்டாவது பக்கத்தில் இருந்தது. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பவர் பன்னிரண்டாவது பக்கம் வரை போவாரா? சம்பளத்தைப் பார்த்தேன், சேரும் தேதியைப் பார்த்தேன், எல்லாப் பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடம் கழித்து, பேப்பர் போட்டுவிடலாம், அதாவது ராஜினாமா செய்துவிடலாம் என்று முடிவெடுத்த இரவில்தான் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து முழுதாகப் படித்தேன்.

பத்தியின் சாரம் இதுதான். இரு தரப்பில் எவர் வேண்டுமானாலும் 90 நாள் நோட்டீஸ் கொடுத்தோ, அந்த நாட்களுக்கு ஈடான சம்பளத்தைக் கொடுத்தோ வேலையை முடித்துக்கொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வால் இருந்தது: பணியாளர் நோட்டீஸ் நாட்களுக்குப் பதிலாகப் பணம் கொடுக்க முன்வந்தால், அதை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் விருப்பத்திற்கு உட்பட்டது.

அந்த வாலைப் பற்றித்தான் இந்த மடல்.

எனக்குக் கிடைத்திருந்த புது வேலையில் 45 நாளுக்குள் சேரச் சொன்னார்கள். 40 நாள் வேலை செய்கிறேன், மீதி 50 நாளுக்கான சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். பை அவுட்டுக்கு, அதாவது நாளுக்குப் பதில் பணம் கொடுப்பதற்கு, இப்போது அனுமதி இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சரி என்று உட்கார்ந்தேன். முதல் மூன்று வாரத்தில் என் வேலையை எல்லாம் எழுதி ஒப்படைத்துவிட்டேன். நான்காவது வாரம் கூட்டங்களிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். ஐந்தாவது வாரம் மின்னஞ்சல் குழுக்களிலிருந்து எடுத்தார்கள். எனக்குப் பதிலாக வரவேண்டியவர் 82ஆம் நாள் வந்தார். அதற்குள் அந்தப் புது வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. எழுபதாவது நாள் வாக்கில் வேறொன்று கிடைத்தது, சம்பளம் குறைவு, போய்ச் சேர்ந்தேன். இதில் பெரிய சோகம் ஒன்றும் இல்லை. பலருக்கு நடப்பதுதான்.

அதே பருவத்தில் இன்னொன்றும் நடந்தது. என் வரிசையில் இரண்டு மேசை தள்ளி, ஒன்பது வருடமாக இருந்த ஒருவரை ஒரு வியாழக்கிழமை மதியம் அறைக்குள் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம். வெளியே வந்தபோது கையில் மடிக்கணினி இல்லை, கழுத்தில் அடையாள அட்டை இல்லை, கூடவே ஒரு காவலாளி. மூன்று மாதச் சம்பளம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும் என்று சொன்னார்களாம், வந்தும்விட்டது. அவர் மேசையில் விட்டுப்போன கண்ணாடிக் கூட்டை மறுநாள் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று பேச்சுவாக்கில் அவருடைய நியமனக் கடிதத்தையும் பார்த்தேன். அதே பத்தி, அதே எண், அதே வால்.

எனக்கு நாள் வேண்டாம், பணம் தருகிறேன் என்றேன். நாள்தான் வேண்டும் என்றார்கள். அவருக்கு நாள்தான் வேண்டியிருந்தது. பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டுமே ஒப்பந்தப்படி சரி. ஒரு விதிகூட மீறப்படவில்லை. அதனால்தான் நிர்வாகிகளை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தை எழுதிய உங்களுக்கு எழுதுகிறேன்.

மூன்று மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். வேலையில் இருந்துகொண்டு வேலை தேடுவதும், வேலை போன பிறகு தேடுவதும் ஒன்றல்ல என்பது உங்களுக்கே தெரியும். நேர்காணலில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வியே "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான். பதில் சொல்ல ஒரு இடம் இருப்பதற்குத்தான் அந்த 90 நாள் அவருக்குத் தேவைப்பட்டது. பணத்தால் வாடகை கட்டலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் நானும் ஒரு குழுவுக்குப் பொறுப்பாளன் ஆனேன். புதிதாகச் சேர வந்த ஒரு பெண், இந்தப் பத்தியில் விரலை வைத்து இது ஏன் என்று கேட்டாள். "அது எல்லாருக்கும் போடுவதுதான்மா" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அந்த "எல்லாருக்கும்" என்ற சொல் எவ்வளவு பொய் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

இந்த நோட்டீஸ் கெடு எதற்காக என்று முதலில் பார்ப்போம். நிறுவனத்துக்கு அது ஒப்படைப்புக்கும் மாற்று ஆள் தேடுவதற்கும். பணியாளருக்கு அது அடுத்த பிழைப்பைத் தேடுவதற்கு. தேவைகள் இரண்டும் வேறு. பிறகு எப்படி இரண்டு பக்கமும் ஒரே எண்ணை எழுதுகிறீர்கள்? எழுதியது போதாதென்று, அந்த எண்ணைப் பணமாக மாற்றும் சாவியை ஒரு பக்கத்திடம் மட்டும் ஏன் கொடுக்கிறீர்கள்?

ஒப்படைப்புக்கு 90 நாள் வேண்டும் என்பதை நான் நம்பவில்லை. ஒரு மனிதர் தன் தலையில் இருப்பதைத் தாளில் இறக்க இரண்டு மூன்று வாரம் போதும், அதுவும் கேட்டுக்கொள்ள எதிரே ஆள் இருந்தால். நடப்பில் அந்த ஆள் கடைசி வாரத்தில்தான் வருவார். ஏனென்றால், 90 நாள் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஆள் தேடும் வேலையை யாரும் முதல் மாதம் தொடுவதில்லை. கெடு நீண்டால் தேடல் தாமதமாகத் தொடங்கும், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் வாரங்களில் அந்த ஆள் ஆவி மாதிரி அலுவலகத்தில் உலாவுவார். முக்கியமான எதையும் அவரிடம் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் அவருக்கு மனம் ஒட்டாது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவர் தினமும் ஒரு கேள்வியாக நிற்பார்: "இவர் போகிறாரே, நாம் ஏன் இருக்கிறோம்?" ஒரு குழுவின் மனநிலையைக் கெடுக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை என்னால் யோசிக்க முடியவில்லை.

இன்னொரு வேடிக்கை. உங்கள் நியமனக் கடிதத்தில் 90 நாள் கெடு. உங்கள் வேலை விளம்பரத்திலோ "உடனடியாகச் சேரக்கூடியவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்". போகும்போது மூன்று மாதம், வரும்போது மூன்று நாள். எல்லாரும் இப்படியே எழுதினால் உடனடியாகச் சேரக்கூடியவர் எங்கிருந்து வருவார்? வேலையை விட்டுவிட்டுத் தேடுபவராக இருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே பேப்பர் போட்டு எண்பதாவது நாளில் இருப்பவராக இருக்க வேண்டும். அதனால் ஜனங்கள் கணக்குப் போடக் கற்றுக்கொண்டார்கள். கையில் ஒரு ஆஃபர் கிடைத்ததும் பேப்பர் போடுவது, அந்த 90 நாளில் அதைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மூன்றாவது. கடைசியில் முதல் நிறுவனம் சேரும் நாள் காலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'ஆஃபர் வாங்கிவிட்டு வராமல் போகிறார்கள், இந்தத் தலைமுறைக்கு நாணயமே இல்லை' என்று நீங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறீர்கள். அவர்களுக்கு அந்த மூன்று மாத அவகாசத்தைக் கட்டாயமாகக் கையில் திணித்தது யார்?

வழக்கறிஞர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். விலகுகிறேன் என்பவரை உட்கார வைத்து வேலை வாங்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது என்பதை நீங்கள் சட்டக் கல்லூரியிலேயே படித்திருப்பீர்கள். இதற்குக் காட்டும் வழக்கு ஒன்று 1852இல் லண்டனில் நடந்தது. யோஹன்னா வாக்னர் என்ற பாடகி, பெஞ்சமின் லம்லியின் அரங்கில் மூன்று மாதம் பாடுவதாக ஒப்பந்தம் செய்துவிட்டு, போட்டி அரங்குக்குப் பாடப் போகப் பார்த்தார். வேறு இடத்தில் பாடாதே என்று நீதிமன்றம் தடுத்தது. ஆனால் லம்லிக்காகப் பாடு என்று கட்டாயப்படுத்தத் தனக்கு வழியில்லை என்பதையும் ஒப்புக்கொண்டது. மனிதருடைய உழைப்பைப் பிடித்து இழுத்து நிறைவேற்ற வைக்க முடியாது என்ற அந்தக் கொள்கைதான் இந்தியாவின் 1963ஆம் வருட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்திலும் இருக்கிறது. நோட்டீஸ் முழுக்க இருக்காமல் போனால் நிறுவனம் இழப்பீடு கேட்கலாம், சம்பளத்தில் கழிக்கலாம். ஆளைக் கேட்க முடியாது.

சட்டம் தராத பிடியை நிறுவனங்கள் வேறு வழியில் உண்டாக்கிக்கொண்டன. இந்திய நிறுவனங்களில் அதன் பெயர் ரிலீவிங் லெட்டர், பணியிலிருந்து விடுவித்தாயிற்று என்று கொடுக்கும் கடிதம். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் அடுத்த நிறுவனத்தில் பின்னணிச் சரிபார்ப்பு முடியாது, அது முடியாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாது. அந்தத் தாளைக் கேட்பதும் நீங்கள்தான், கொடுக்க மறுப்பதும் நீங்கள்தான். ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொள்ளாமலே நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வேலி போட்டிருக்கிறீர்கள். கணக்கு முடிப்பதிலும் அதே கதை. விலகியவருடைய பாக்கிச் சம்பளம் மாதக்கணக்கில் இழுபடும், கேட்டால் 'எஃப் அண்ட் எஃப் புராசஸில் இருக்கிறது' என்பார்கள், கடைசிக் கணக்கு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். 2019ஆம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கும் தானாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் விலகல் நடைமுறைக் கையேட்டில் 45 நாள் என்று இன்னும் இருந்தால், திருத்த வேண்டியது கையேட்டைத்தான்.

இடையில் ஒன்று. நோட்டீஸுக்கு ஈடாகப் பிடிக்கும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்று சில வருடம் ஒரு குழப்பம் ஓடியது. ஊழியர் முன்கூட்டியே போவதை நிறுவனம் 'பொறுத்துக்கொள்வது' ஒரு சேவை, அதற்கான விலை இது என்பது வாதம். 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரி வாரியம், அப்படி இல்லை, வரி கிடையாது என்று சுற்றறிக்கை விட்டது. திடீரென்று விலகுவதைத் தடுக்க வைத்திருக்கும் ஏற்பாடுதான் அது, சேவைக்கான விலையாகாது என்பது அவர்கள் விளக்கம். பொறுத்துக்கொள்வதற்கும் விலை போட்டுப் பார்த்த காலம் அது.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, 'எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், அமெரிக்கா மாதிரி அட் வில் ஆக்கிவிடலாம்' என்பார். அவன் எப்போது வேண்டுமானாலும் போகலாம், நாமும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், கணக்குத் தீர்ந்தது என்று. நானும் அந்த 90 நாளில் எழுபதாவது நாள் வரை அப்படித்தான் நினைத்தேன். என் வரிசையில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் அதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

அட் வில் என்பது ஆதியிலிருந்தே இருந்த விதி இல்லை. அமெரிக்கா எடுத்துக்கொண்ட பழைய ஆங்கிலச் சட்டம் இதற்கு நேர் எதிர். காலம் குறிப்பிடாமல் ஒருவரை வேலைக்கு வைத்தால் அது ஒரு வருடத்துக்கு என்றே கொள்ள வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் எழுதிவைத்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். வேலை இருக்கும் பருவத்திலும் இல்லாத பருவத்திலும், வருடத்தின் எல்லாப் பருவங்களிலும் வேலையாள் உழைக்க வேண்டும், எசமானர் அவரைக் காப்பாற்ற வேண்டும். அறுவடைக்கு வைத்துக்கொண்டு பனிக்காலத்தில் துரத்தக் கூடாது, அறுவடைக்கு முந்தின நாள் இவரும் ஓடக் கூடாது. உழவர் வீட்டு நியாயம் அது.

ரயிலும் ஆலையும் வந்த பிறகு அந்த நியாயம் கசந்தது. 1877இல் ஹொரேஸ் கிரே வுட் என்ற அமெரிக்க வழக்கறிஞர், காலம் குறிப்பிடாத வேலை எப்போது வேண்டுமானாலும் முடிக்கக்கூடியது என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய வழக்குகள் அந்த விதியைத் தாங்கவே இல்லை என்று பிற்காலத்தில் பல சட்ட அறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். ஆனாலும் நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக அதைப் பிடித்துக்கொண்டன. 1884இல் டென்னசியில் ஒரு வழக்கு. பெயின் என்ற வணிகரின் கடையில் சாமான் வாங்கும் தன் தொழிலாளியை வேலையைவிட்டு அனுப்பிவிடுவோம் என்று ஒரு ரயில் நிறுவனம் அறிவித்தது. வியாபாரம் போன வணிகர் வழக்குப் போட்டார், தோற்றார். நல்ல காரணத்துக்காகவோ, காரணமே இல்லாமலோ, ஏன், அறத்துக்கு ஒவ்வாத காரணத்துக்காகவோகூட முதலாளி ஆளை அனுப்பலாம் என்றது தீர்ப்பு. எந்தக் கடையில் வாங்குவது என்பதுவரை முதலாளியின் கை நீளலாம் என்று அதற்குப் பொருள்.

அப்புறம் அமெரிக்கர்கள் நூறு வருடமாக அந்த விதியில் ஓட்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1959இல் கலிஃபோர்னியாவில், விசாரணைக் குழு முன் பொய் சொல்ல மறுத்ததற்காக ஒருவரை நீக்கியது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நீக்கிய முதலாளி யார் தெரியுமா? ஒரு தொழிற்சங்கம்! 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணமாக வைத்து நீக்குவதைத் தடுத்தது. 1987இல் மொன்டானா மாநிலம், சோதனைக் காலம் முடிந்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. இன்றும் அப்படி இருக்கும் ஒரே மாநிலம் அதுதான். 1988இல் வந்த வார்ன் சட்டம், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஆலையை மூடும்போதும் பெருமளவில் ஆட்குறைப்புச் செய்யும்போதும் 60 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்றது. அட் வில்லின் தாய்வீட்டிலேயே, ஊரோடு வேலை போகும்போது கெடு வேண்டும் என்று ஒப்புக்கொண்டாயிற்று.

அங்கே விலகுபவர் இரண்டு வாரம் முன்னால் சொல்வது வெறும் வழக்கம். சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போ என்று சொல்லப்பட்டவருக்குப் போவது சம்பளம் மட்டுமில்லை, பெரும்பாலும் மருத்துவக் காப்பீடும்தான். கோப்ரா என்ற சட்டத்தின்கீழ் அதை 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் அதுவரை முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து, பிரீமியத்தில் 102 சதவீதம் வரை சொந்தக் காசில் கட்ட வேண்டும். வேலை போன மாதத்தில்! இரண்டு பேருக்கும் ஒரே சுதந்திரம் என்பது தாளில்தான். ஒருவர் விலகினால் நிறுவனத்துக்கு நூறில் ஒரு கை போகும், நிறுவனம் விலக்கினால் அவருக்கு வீட்டின் மொத்த வருமானமும் போகும்.

ஆகவே அமெரிக்க வழி வேண்டாம். நான் கேட்பது இதற்கு நேர்மாறு. எண் சமமாக இருக்க வேண்டியதில்லை, வேண்டுமென்றே சமமில்லாமல் எழுதுங்கள்.

பிரிட்டனின் 1996ஆம் வருட வேலை உரிமைச் சட்டம் அப்படித்தான் செய்கிறது. ஒரு மாதம் வேலை செய்துவிட்டால், அனுப்ப விரும்பும் முதலாளி குறைந்தது ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு வாரம் என்று ஏறி 12 வாரம் வரை போகும். விலகும் பணியாளருக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சம் எத்தனை வருடமானாலும் ஒரே வாரம். ஒப்பந்தத்தில் கூட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் சட்டத்தின் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிகிறது. ஜெர்மனியின் உரிமையியல் சட்டம் இன்னும் துல்லியம். அடிப்படைக் கெடு இரு பக்கமும் நான்கு வாரம். முதலாளி அனுப்பும்போது மட்டும் அது பணிக்காலத்தோடு வளரும்: 5 வருடம் ஆனவருக்கு 2 மாதம், 10 வருடத்துக்கு 4 மாதம், 20 வருடத்துக்கு 7 மாதம். இந்த நீண்ட கெடுவை ஒப்பந்தத்தில் இருவருக்கும் பொதுவாக்கலாம், ஆனால் முதலாளிக்கு இருப்பதைவிட நீண்ட கெடுவைத் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது. என் வரிசையில் இருந்தவர் அங்கே இருந்திருந்தால், ஒன்பது வருடத்துக்கு 3 மாதம், அதையும் எழுத்தில் கையெழுத்தோடு கொடுத்திருக்க வேண்டும்.

இந்தியச் சட்டமும் இதை அறியாததல்ல. 1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே, ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் சராசரி ஊதியம் என்று இருந்தது. 2020இன் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் 'மேனேஜர்' என்று ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டால் ஆள் இதற்கு வெளியே போய்விடுவார் என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். நீதிமன்றம் பட்டத்தைப் பார்ப்பதில்லை, அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்று பார்க்கும். ஆனால் அதை நிரூபிக்க வழக்காட வேண்டும், வழக்காட யாருக்குத் தெம்பு இருக்கிறது?

1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மட்டும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கும் பிரஜோ நாத் கங்குலிக்கும் நடந்த வழக்கு. நிரந்தர ஊழியரை மூன்று மாத நோட்டீஸிலோ அதற்கான பணத்தைக் கொடுத்தோ காரணம் சொல்லாமல் அனுப்பலாம் என்று கழகத்தின் விதி இருந்தது. ஆமாம், அதே மூன்று மாதம். அது அரசு நிறுவனம், ஆகவே அரசியல் சட்டமும் வந்தது, தனியார் நிறுவனத்தை அந்தத் தீர்ப்பு அப்படியே கட்டுப்படுத்திவிடாது. ஆனால் நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. பேரம் பேசும் வலிமையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும்போது, வேறு வழியில்லாமல் புள்ளிக்கோட்டில் போட்ட கையெழுத்து உண்மையான சம்மதமாகாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் மொழியிலேயே பேசி அந்த விதியை அடித்தது. 'படித்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்' என்று விலகும் ஊழியரிடம் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு அந்தத் தீர்ப்பு ஞாபகம் வரட்டும்.

உங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆறே பேர் வேலை செய்யும் இடத்தில் கணக்குப் பார்ப்பவர் நாளைக்கே வரமாட்டேன் என்றால் அந்த இடம் ஆடிப்போகும். அங்கே இரண்டு மாதம் கேட்பதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாடிக்கையாளரின் ரகசியங்களை வைத்திருப்பவர் நேராகப் போட்டி நிறுவனத்துக்குப் போவதும் உண்மையான பயம்தான். அதற்கு ஆங்கிலேயர்கள் 'கார்டன் லீவ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலைக்கு வராதே, வேறு இடத்திலும் சேராதே, கெடு முடியும்வரை சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். நீண்ட கெடு தேவைப்படும் அந்த நாலைந்து பேருக்கு அதற்கென்று விலை கொடுத்து எழுதி வாங்குங்கள். எனக்கு ஆத்திரம் எல்லாம், நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளருக்கும் தலைமை நிதி அலுவலருக்கும் ஒரே 90 நாளை நகல் எடுத்து ஒட்டுவதில்தான்.

பிறருக்கு நீங்கள் செய்ய வேண்டியது சிரமமானது இல்லை. விலகுபவருக்கு 30 நாள் போதும். அனுப்புவது நீங்கள் என்றால் பணிக்காலத்தோடு கெடு வளரட்டும், அந்த நாட்களில் ஊழியர் என்ற பெயரோடு அவர் வெளியே வேலை தேடட்டும். கணினியைத் தொடவிடப் பயமாக இருந்தால் தொடவிடாதீர்கள், சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். நாளா பணமா என்று தேர்ந்தெடுப்பது உங்களுக்கு எந்த அளவு உண்டோ அந்த அளவு அவருக்கும் இருக்கட்டும். ரிலீவிங் லெட்டரைப் பிணையாகப் பிடிக்காதீர்கள், சண்டை இருந்தால் சண்டை தனியே நடக்கட்டும், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை வேலை செய்தார் என்ற தாள் கடைசி நாளிலேயே கையில் போகட்டும். அனுப்பும்போது காரணத்தைச் சொல்லுங்கள். 1982இலேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 158ஆவது உடன்படிக்கை, தக்க காரணமில்லாமல் வேலையை முடிக்கக் கூடாது என்றும், நியாயமான முன்னறிவிப்பு வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. இந்தியாவும் அமெரிக்காவும் அதில் கையெழுத்திட்டுச் சேராத நாடுகள். நீங்கள் சேர்வதற்கு எந்த நாடாளுமன்றத்தின் அனுமதியும் வேண்டாம்.

இவ்வளவும் ஒரே நாளில் முடியாது என்றால் ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யலாம். உங்கள் கணினியில் நியமனக் கடிதத்தின் வார்ப்பு ஒன்று இருக்கும். அதைத் திறந்து, முன்னறிவிப்புப் பத்தியின் கடைசிக்குப் போங்கள். பணியாளர் கொடுக்கும் ஈட்டுத் தொகையைப் பற்றிய வரியில் 'நிறுவனத்தின் விருப்பத்திற்கு உட்பட்டு' என்ற மூன்று சொற்கள் இருக்கின்றன. அவற்றை அழித்துவிட்டுச் சேமியுங்கள்.

இப்படிக்கு,
மூன்று முறை பேப்பர் போட்டவன், ஒருமுறை பிறரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவன்